உலைக்குள் எத்தனை டிகிரி? – ஒரு சந்தேகத்தின் வரலாறு

வார்ப்பிரும்பு உருகும் வெப்பநிலை 17,977 டிகிரி ஃபாரன்ஹீட்!

யாரோ தட்டச்சுப் பிழை செய்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 1780-களில் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் அச்சான எண் இது. செல்சியஸில் சொன்னால் கிட்டத்தட்ட 9,970 டிகிரி. உண்மையில் வார்ப்பிரும்பு உருகுவது 1,150 முதல் 1,200 டிகிரி செல்சியஸ் வாக்கில். சூரியனின் மேற்பரப்பே சுமார் 5,500 டிகிரி செல்சியஸ்தான். அந்தக் கணக்கை நம்பினால், இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமத்து இரும்பு உலை சூரியனைவிடச் சூடானது என்று ஆகிவிடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த எண்ணைச் சொன்னவர் அரைகுறை ஆசாமி அல்ல. தன் காலத்தில் மிகக் கவனமாக அளவெடுத்தவர்களில் ஒருவர். அவருடைய கருவியும் ஒழுங்காகவே வேலை செய்தது. பிறகு தவறு எங்கே நடந்தது? அந்த மாதிரித் தவறு மறுபடி நடக்காமல் இருக்க என்ன செய்யலாம்? அதிக வெப்பநிலையை அளக்கும் கலையின் வரலாறு பெரும்பாலும் இந்த இரண்டு கேள்விகளின் வரலாறுதான்.

மண் வில்லையும் பித்தளைச் சட்டமும்

பாதரசம் சுமார் 357 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். அதற்கு மேல் சாதாரண வெப்பமானி உதவாது. ஆனால் பீங்கான் சுடுகிறவருக்கும், கண்ணாடி காய்ச்சுகிறவருக்கும், இரும்பு வார்க்கிறவருக்கும் வேலையே அதற்கு மேல்தான் ஆரம்பிக்கிறது. அவர்களுக்கு இருந்த ஒரே கருவி கண். மங்கல் சிவப்பு, செர்ரிச் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை என்று உலையின் நிறத்தைப் பார்த்தே பதம் சொல்வார்கள். அனுபவசாலி சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அவர் லீவு போட்டால் சூளை முழுக்க நஷ்டம்.

ஜோசையா வெட்ஜ்வுட் இங்கிலாந்தின் பெரிய பீங்கான் முதலாளி. (பரிணாமக் கொள்கை சொன்ன சார்லஸ் டார்வினின் தாய்வழித் தாத்தா.) அவர் 1782-ல் ஒரு கருவியை ராயல் சொசைட்டிக்கு அறிமுகம் செய்தார். களிமண் சூடேறினால் சுருங்கும், ஆறிய பிறகும் சுருங்கியபடியே இருக்கும். ஒரே அளவில் செய்த சிறு களிமண் வில்லைகளைச் சூளைக்குள் வைத்து எடுக்க வேண்டும். பிறகு ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகும் பித்தளைச் சட்டத்துக்குள் வில்லையைத் தள்ள வேண்டும். எவ்வளவு தூரம் உள்ளே போகிறதோ அவ்வளவு சூடு. சட்டத்தில் 240 கோடுகள். ஒவ்வொரு கோடும் ஒரு வெட்ஜ்வுட் டிகிரி.

சூளைக்கு இது அருமையான கருவி. நேற்றைய சூட்டை இன்றும் கொண்டுவர முடிந்தது. அடுத்த வருடமே, 1783-ல், அவர் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

சிக்கல் அடுத்த படியில் வந்தது. தன் டிகிரியை ஃபாரன்ஹீட் டிகிரியோடு இணைக்க விரும்பினார் வெட்ஜ்வுட். பாதரசம் வேலை செய்யும் இடத்தில் களிமண் சுருங்காது. களிமண் சுருங்கும் இடத்தில் பாதரசம் இருக்காது. நடுவில் பாலமாக ஒரு வெள்ளித் துண்டைப் பயன்படுத்தினார். வெள்ளி எல்லாச் சூட்டிலும் ஒரே சீராக விரியும், களிமண்ணும் ஒரே சீராகச் சுருங்கும் என்று வைத்துக்கொண்டார். கணக்கு வந்தது: ஒரு வெட்ஜ்வுட் டிகிரி என்பது 130 ஃபாரன்ஹீட் டிகிரி. அந்தப் பெருக்கல் வாய்ப்பாட்டை அப்படியே மேலே நீட்டினார். வெள்ளி 4,717, தங்கம் 5,237, வார்ப்பிரும்பு 17,977 என்று பட்டியல் தயாரானது. வெள்ளி உண்மையில் உருகுவது சுமார் 962 டிகிரி செல்சியஸில், அதாவது 1,763 ஃபாரன்ஹீட்டில்.

பிற்பாடு பிரான்சின் கைத்தோன் த மோர்வோ, இங்கிலாந்தின் ஜான் டேனியல் போன்றவர்கள் பிளாட்டினத்தின் விரிவை வைத்து அளந்து, இந்த எண்கள் அனைத்தையும் மிகக் கடுமையாகக் குறைக்க வேண்டும் என்று காட்டினார்கள்.

கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இது பழக்கமான கதை. ட்ரயல் பேலன்ஸின் இரண்டு பக்கமும் டேலி ஆகிவிட்டது என்பதால் கணக்கில் தவறே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இயந்திரம் வாங்கிய பணத்தைப் பழுதுபார்ப்புச் செலவில் எழுதினாலும் டேலி ஆகும். வெட்ஜ்வுட்டின் வில்லைகள் ஒவ்வொரு முறையும் டேலி ஆயின. தவறு எழுதிய தலைப்பில் இருந்தது. திரும்பத் திரும்ப ஒரே விடை வருவது வேறு, விடை சரியாக இருப்பது வேறு. இதை உலகம் ஒழுங்காகப் புரிந்துகொள்ள இன்னும் இருநூறு வருடம் ஆனது.

சூரியனுக்கு எத்தனை டிகிரி?

தொட முடியாத பொருளின் சூட்டை அளக்க ஒரே வழி, அதிலிருந்து வரும் கதிர்வீச்சைப் பார்ப்பதுதான். சூரியனைவிடத் தொட முடியாத பொருள் எது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் பலர் முயன்றார்கள்.

1838-ல் பிரெஞ்சு இயற்பியலாளர் புயே சூரியனின் வெப்பநிலை 1,461 முதல் 1,761 டிகிரி செல்சியஸ் வரை என்றார். 1860-களின் தொடக்கத்தில் ரோம் நகரின் வானியலாளர் பாதிரியார் செக்கி ஒரு கோடி டிகிரி என்றார். இரண்டு பேரும் பார்த்தது ஒரே சூரியன். பூமிக்கு வரும் வெயிலின் அளவிலும் அவர்களுக்குள் பெரிய சண்டை இல்லை. பிறகு எப்படி ஆயிரக்கணக்கான மடங்கு வித்தியாசம்?

விடை சூத்திரத்தில் இருக்கிறது. செக்கி பயன்படுத்தியது நியூட்டனின் குளிர்தல் விதி. வெப்பநிலை இரண்டு மடங்கானால் வெளிவரும் வெப்பமும் இரண்டு மடங்குதான் ஆகும் என்பது அதன் போக்கு. அவ்வளவு வெயில் வர வேண்டுமானால் சூரியன் கோடி டிகிரியில் இருந்தாக வேண்டும். புயே பயன்படுத்தியது டூலாங், பெட்டிட் இருவரின் விதி. அதில் வெப்பம் கூட்டுவட்டி போல ஏறும், அதனால் சிறிய வெப்பநிலையே போதும். இரண்டு விதிகளும் சோதிக்கப்பட்டது சில நூறு டிகிரிக்குள்தான். அந்த எல்லைக்குள் இரண்டும் ஓரளவு சரி. எல்லையைத் தாண்டி நீட்டினால் ஒன்று வானத்துக்குப் போகிறது, மற்றொன்று தரையிலேயே நிற்கிறது.

வெட்ஜ்வுட் செய்த அதே காரியம்தான்! தெரிந்த இடத்தில் கிடைத்த கோட்டைத் தெரியாத இடத்துக்கு நீட்டுவது.

1879-ல் வியன்னாவில் இருந்த ஜோசப் ஸ்டெஃபான் வேறொரு விதியை முன்வைத்தார். கதிர்வீச்சு, கெல்வின் வெப்பநிலையின் நான்காம் அடுக்காக ஏறும் என்றார். இதற்கு அவர் எடுத்துக்கொண்ட சான்றுகளில் ஒன்று டிண்டால் செய்த பிளாட்டினக் கம்பிச் சோதனை. 525 டிகிரியிலிருந்து 1,200 டிகிரிக்குப் போனபோது கதிர்வீச்சு 11.7 மடங்கு ஆனது. நான்காம் அடுக்கு விதி சொல்வது 11.6. பிரமாதமான பொருத்தம்!

சூரியனுக்கு அதைப் பயன்படுத்தினார். சுமார் 1,950 டிகிரி செல்சியஸில் சூடாக்கிய உலோகத் தகட்டைவிடச் சூரியன் 29 மடங்கு கதிர்வீச்சு தருவதாக சோரே என்பவர் அளந்திருந்தார். காற்று மண்டலம் மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிடும் என்று வைத்து அதை 43.5 மடங்காக உயர்த்தினார் ஸ்டெஃபான். அதன் நான்காம் மூலம் 2.57. விடை சுமார் 5,700 கெல்வின். இன்றைய மதிப்பு 5,772 கெல்வின்.

இங்கே இரண்டு விஷயங்கள் கவனிக்க வேண்டியவை. ஒன்று, நான்காம் மூலம் எடுக்கும்போது சந்தேகமும் சுருங்குகிறது. அந்த 29 என்ற எண்ணில் 20 சதவீதம் தவறு இருந்தாலும் வெப்பநிலையில் சுமார் 5 சதவீதம்தான் தவறு வரும். இரண்டு, அந்தப் பிளாட்டினப் பொருத்தத்தில் அதிர்ஷ்டமும் இருந்தது. பளபளப்பான பிளாட்டினம் சூடேற ஏற இன்னும் நன்றாக உமிழும் பொருள். எனவே விகிதம் 11.6-ஐவிட அதிகமாக வந்திருக்க வேண்டும். வேறு தவறுகள் அதைக் கீழே இழுத்துச் சமன் செய்துவிட்டன. கணக்குப்பதிவியலில் இதற்கு ஈடுசெய் பிழை என்று பெயர். விடை சரியாக வந்தது, வழி முழுக்கச் சரியில்லை. 1884-ல் போல்ட்ஸ்மான் வெப்ப இயக்கவியலிலிருந்து அதே விதியை வருவித்த பிறகுதான் அது உறுதியான தரையில் நின்றது.

ஒரு சின்ன ஓட்டை

பிளாட்டினம் செய்த குழப்பத்துக்குப் பெயர் உமிழ்திறன். ஒரே வெப்பநிலையில் இருக்கும் கரியும் மெருகேற்றிய உலோகமும் ஒரே அளவு ஒளிர்வதில்லை. கரி கிட்டத்தட்ட முழுமையாக உமிழும், உலோகம் பாதிகூட உமிழாது. ஒளியை மட்டும் பார்ப்பவர் உலோகத்தைச் சூடு குறைவு என்று நினைத்துவிடுவார்.

இதிலிருந்து தப்பிக்க வழி சொன்னவர் கிர்ச்சாஃப். 1859-60-ல் அவர் காட்டியது இது: எல்லாப் பக்கமும் மூடிய, ஒரே சீரான வெப்பநிலையில் இருக்கும் ஒரு பொந்துக்குள் நிறையும் கதிர்வீச்சு, சுவர் எதனால் ஆனது என்பதைப் பொறுத்ததல்ல, வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது. அந்தப் பொந்தில் ஒரு சிறு ஓட்டை போட்டால் அது கரும்பொருள். உள்ளே போன ஒளி திரும்பி வராது, வெளியே வரும் ஒளி வெப்பநிலையை மட்டுமே சொல்லும்.

சொல்வது சுலபம். செய்து பார்த்தது பெர்லினின் சார்லட்டன்பர்கில் 1887-ல் தொடங்கிய அரசு ஆய்வுக்கூடம். மின்விளக்கா வாயு விளக்கா என்று தொழில்கள் போட்டி போட்ட காலம். ஒளிக்கு நம்பகமான ஓர் அளவுகோல் ஜெர்மன் தொழில்துறைக்குத் தேவைப்பட்டது. லும்மரும் குர்ல்பாமும் 1898-ல் மின்சாரத்தால் சூடாகும் பொந்து ஒன்றைச் செய்தார்கள். அதுவரை வீன் 1896-ல் சொன்ன சூத்திரம் நன்றாகப் பொருந்துவதாகவே தோன்றியது. பாஷன் எடுத்த அளவுகளும் அதை ஆதரித்தன.

1899, 1900-ல் லும்மரும் பிரிங்ஸ்ஹைமும் நீண்ட அலைநீளங்களில் அளந்தபோது சூத்திரத்துக்கும் அளவுக்கும் இடையே ஒரு விலகல் தெரிந்தது. இது கருவியின் தவறா, இயற்கையின் உண்மையா? எந்த ஆய்வுக்கூடத்திலும் இதைவிட முக்கியமான கேள்வி கிடையாது. தங்கள் அளவீட்டில் எவ்வளவு தவறு இருக்கக்கூடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. விலகல் அதைவிடப் பெரிதாக இருந்தது. அதனால் அதைக் குப்பையில் போடவில்லை. ரூபன்ஸும் குர்ல்பாமும் இன்னும் நீண்ட அலைகளில் அளந்து அதையே உறுதி செய்தார்கள். 1900 அக்டோபரில் மாக்ஸ் பிளாங்க் புதிய சூத்திரம் தந்தார். டிசம்பர் 14-ல் அதற்கான காரணத்தையும் சொன்னார். அதுதான் குவாண்டம் இயற்பியலின் பிறந்தநாள்.

ஒரு சிறிய வித்தியாசத்தை அலட்சியம் செய்யாததால் வந்த புரட்சி அது. தன் சந்தேகத்தின் அளவு தெரிந்தவனுக்குத்தான் எதை அலட்சியம் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று தெரியும்.

மறையும் இழை

ஆய்வுக்கூடத்தில் நடந்தது உலைக்கூடத்துக்கும் வந்தது. வேதியியல் பாடத்தில் வரும் அதே லீ சாட்லியர் 1892-ல் ஒளியியல் பைரோமீட்டர் ஒன்றைச் செய்தார். சிவப்புக் கண்ணாடி வழியே உலையின் ஒளியையும் ஒரு விளக்கின் ஒளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் கருவி.

1901-ல் ஹோல்போர்னும் குர்ல்பாமும் அதை இன்னும் எளிதாக்கினார்கள். (அமெரிக்காவில் மோர்ஸ் என்பவரும் அதே காலத்தில் இதே யோசனையில் இருந்தார். தந்தி மோர்ஸ் அல்ல, வேறொருவர்.) தொலைநோக்கி போன்ற குழாய்க்குள் ஒரு சிறு விளக்கின் இழை. அதன் வழியே உலையைப் பார்க்க வேண்டும். இழை மங்கலாக இருந்தால் கறுப்புக் கோடாகத் தெரியும். மின்சாரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் இழை காணாமல் போய்விடும். இழையின் பிரகாசமும் உலையின் பிரகாசமும் ஒன்று என்று அர்த்தம். அந்த மின்னோட்டம் எவ்வளவு என்று பார்த்தால் வெப்பநிலை தெரிந்துவிடும். பல பத்தாண்டுகளுக்கு எஃகு ஆலைகளின் நம்பிக்கையான கருவி இதுதான்.

ஏன் சிவப்புக் கண்ணாடி? இதில்தான் சூட்சுமம். முழுக் கதிர்வீச்சையும் அளக்கும் கருவியில், உமிழ்திறனை 10 சதவீதம் தவறாக வைத்தால் வெப்பநிலை 2.5 சதவீதம் தவறும். 1,800 கெல்வினில் அது 45 டிகிரி. ஆனால் 0.65 மைக்ரோமீட்டர் சிவப்பு ஒளியை மட்டும் பார்த்தால் அதே 10 சதவீதத் தவறு சுமார் 15 டிகிரியில் முடிந்துவிடும். குறுகிய அலைநீளத்தில் வெப்பநிலை சிறிது ஏறினாலே பிரகாசம் மளமளவென்று ஏறும். அதனால் பிரகாசத்தில் வரும் தவறு வெப்பநிலையில் சிறியதாகிவிடும்.

ஆனாலும் தவறு ஒழிந்துவிடவில்லை. உருகிய எஃகின் உமிழ்திறன் சிவப்பு ஒளியில் சுமார் 0.4. அதன் மேல் மிதக்கும் கசடுக்கு சுமார் 0.65. இரண்டும் ஒரே சூட்டில்தான் இருக்கும். எஃகு என்று நினைத்துக் கசடைப் பார்த்துவிட்டால் கருவி 70 டிகிரிக்கும் மேல் கூட்டிச் சொல்லும். கருவி பொய் சொல்லவில்லை, எதைப் பார்க்கிறோம் என்று பார்ப்பவருக்குத் தெரியவில்லை. இதோடு நடுவில் வரும் புகை, ஜன்னல் கண்ணாடியின் அழுக்கு, பக்கத்துச் சுவரிலிருந்து பட்டுத் திரும்பும் ஒளி என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கை வைக்கும்.

தங்கத்தின் உருகுநிலை மாறியதா?

ஊருக்கு ஒரு டிகிரி இருந்தால் வியாபாரம் நடக்காது. 1927-ல் பல நாடுகள் சேர்ந்து சர்வதேச வெப்பநிலை அளவுகோலை ஏற்றன. தங்கத்தின் உறைநிலை 1,063 டிகிரி செல்சியஸ். அதற்கு மேல் எல்லாம் கதிர்வீச்சு மூலம், தங்கத்தின் பிரகாசத்தோடு ஒப்பிட்டு, வீன் சூத்திரத்தால் கணக்கிட வேண்டும் என்று முடிவானது. 1948-ல் வீனுக்குப் பதில் பிளாங்க் சூத்திரம் வந்தது. சூத்திரத்தில் வரும் இரண்டாம் கதிர்வீச்சு மாறிலியும் 1.432-லிருந்து 1.438 ஆனது.

மூன்றாம் தசமத்தில் ஒரு சிறு திருத்தம்தானே என்று தோன்றும். ஆனால் அதனால் மட்டும் 2,000 டிகிரிக்கு அருகில் அளவுகோல் சுமார் 6 டிகிரி இறங்கியது. எந்த உலையும் குளிரவில்லை, அதன்மேல் எழுதியிருந்த எண் மட்டும் மாறியது. தங்கமும் அப்படித்தான். 1968 அளவுகோலில் 1,064.43, 1990 அளவுகோலில் 1,064.18.

ஏன் மேலே போகப் போகத் தவறு பெருகுகிறது? கீழே ஒரே ஒரு இடத்தில்தான் அளவுகோல் தரையில் ஊன்றியிருக்கிறது. 1990 அளவுகோலில் வெள்ளி, தங்கம், தாமிரம் மூன்றில் ஏதாவது ஒன்று. அந்த இடத்தில் ஒரு சிறு தவறு இருந்தால், மேலே அது வெப்பநிலையின் வர்க்கத்தில் வளரும். வெள்ளி உறைவது 1,235 கெல்வினில். அதைப் போல இரண்டு மடங்கான 2,470 கெல்வினுக்குப் போனால் தவறு நான்கு மடங்கு. இரண்டு நூற்றாண்டுக்கு முன் வெட்ஜ்வுட் விழுந்த அதே பள்ளம்தான். வித்தியாசம் என்னவென்றால், இப்போது பள்ளத்தின் ஆழம் முன்கூட்டியே தெரியும்.

சந்தேகத்துக்கு ஒரு பட்ஜெட்

ஆழம் தெரிந்தாலும் அதை எழுதுவதற்கு எல்லோருக்கும் பொதுவான முறை வெகுகாலம் இல்லை. ஒருவர் அதிகபட்சப் பிழையை எழுதுவார். இன்னொருவர் சராசரிப் பிழையை எழுதுவார். மூன்றாமவர் எல்லாத் தவறுகளையும் அப்படியே கூட்டிவிடுவார். இரண்டு நாட்டு ஆய்வுக்கூடங்களின் விடைகள் ஒத்துப்போகின்றனவா என்று கேட்டால், முதலில் அவர்கள் எழுதிய ± குறிக்கே அர்த்தம் கேட்க வேண்டியிருந்தது.

1970-களின் இறுதியில் எடைகள் மற்றும் அளவைகளுக்கான சர்வதேசக் குழு இதைக் கையில் எடுத்தது. 1980-ல் ஒரு பரிந்துரை வந்தது. 1993-ல் அளவீட்டு நிச்சயமின்மை பற்றிய வழிகாட்டி நூல் வெளியானது. அதன் சாரம் எளிது. பிழை என்பது அளந்ததற்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசம். உண்மை யாருக்கும் தெரியாது, எனவே பிழையும் தெரியாது. தெரியக்கூடியது நிச்சயமின்மை மட்டுமே, அதாவது உண்மை எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்று நியாயமாகச் சொல்லக்கூடிய அகலம்.

அதை இரண்டு வழிகளில் மதிப்பிடலாம் என்றது வழிகாட்டி. திரும்பத் திரும்ப அளந்து, விடைகள் எவ்வளவு சிதறுகின்றன என்று புள்ளியியல்படி பார்ப்பது ஏ வகை. கருவியின் சான்றிதழ், பழைய அனுபவம், பொருளின் குணம் ஆகியவற்றை வைத்து மதிப்பிடுவது பி வகை. இரண்டும் சமமான மரியாதை உடையவை. வெட்ஜ்வுட்டிடம் இருந்தது ஏ வகை மட்டும். வெள்ளி எல்லா இடத்திலும் ஒரே சீராக விரியுமா என்ற சந்தேகம் பி வகை. அதை அவர் பட்டியலில் சேர்க்கவே இல்லை.

பிறகு ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். உதாரணத்துக்கு ஒன்று 0.3 டிகிரி, மற்றொன்று 0.4 டிகிரி என்றால் மொத்தம் 0.7 அல்ல, 0.5. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத தவறுகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் சாய்வது அபூர்வம் என்பதே காரணம். இந்தப் பட்டியலுக்கு ஆய்வுக்கூடங்களே வைத்துக்கொண்ட பெயர் பட்ஜெட்!

கதிர்வீச்சு வெப்பமானிக்கான பட்ஜெட்டை ஒரே மாதிரியாகத் தயாரிப்பதற்காக, சர்வதேசக் குழுவின் கீழ் இயங்கிய நிபுணர்கள் 2003-ல் ஓர் ஆவணம் தந்தார்கள். இப்படிப்பட்ட பட்ஜெட்டில் வரும் தலைப்புகளைப் பார்த்தாலே கதை முழுக்கத் திரும்ப வரும். நிலைப்புள்ளி உலோகத்தில் கலந்த அசுத்தம் எவ்வளவு? கரும்பொருள் பொந்து எந்த அளவுக்கு உண்மையிலேயே கரும்பொருள்? கருவி எந்த அலைநீளத்தைப் பார்க்கிறது என்பது எவ்வளவு துல்லியமாகத் தெரியும்? பிரகாசம் இரண்டு மடங்கானால் கருவியின் மின்னோட்டமும் சரியாக இரண்டு மடங்காகிறதா? குறி வைத்த வட்டத்துக்கு வெளியிலிருந்து எவ்வளவு ஒளி சிதறி உள்ளே வருகிறது? போன வருடம் சரிபார்த்ததிலிருந்து கருவி எவ்வளவு நகர்ந்திருக்கிறது?

பட்ஜெட் போட்டதன் பெரிய லாபம் இன்னொன்று. எந்தச் செலவு பெரியது என்று தெரிந்தால்தான் எங்கே சிக்கனம் பண்ணலாம் என்று தெரியும். உமிழ்திறனில் 15 டிகிரி சந்தேகம் இருக்கும்போது, 0.1 டிகிரி துல்லியமான கருவிக்குப் பணம் கொட்டுவது வீண். ஆலையில் ஒரு பீங்கான் குழாயை உள்ளே செருகி அதன் அடியைப் பார்த்தால் அதைவிட அதிக லாபம். அந்தக் குழாய்தான் ஏழைகளின் கரும்பொருள்.

எதிரியைக் கூட்டாளி ஆக்கியவர்

தரையில் ஒரே ஒரு ஊன்றுகோல் என்பதுதான் பிரச்சினை என்றால் மேலே இன்னும் சில ஊன்றுகோல் நடலாமே? தாமிரத்துக்கு மேலும் உருகும் உலோகங்கள் இருக்கின்றனவே?

இருக்கின்றன. ஆனால் அவற்றை உருக்கும் பாத்திரம்? கரும்பொருள் பொந்து செய்ய ஏற்றது கிராஃபைட், அதாவது கரி. அதிக வெப்பத்தில் அது உலோகத்தில் கரைந்து உருகுநிலையையே மாற்றிவிடும். பல பத்தாண்டுகள் இந்தச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

1999-ல் ஜப்பானின் யோஷிரோ யமடா குழுவினர் வேறு விதமாக யோசித்தார்கள். கரி கலந்துவிடும் என்று பயப்படுவதற்குப் பதில் முதலிலேயே சரியான அளவு கரியைக் கலந்துவிட்டால் என்ன? உலோகமும் கரியும் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் சேர்ந்தால் அந்தக் கலவை ஒரே நிலையான வெப்பநிலையில் உருகும். யூடெக்டிக் என்பார்கள். கலவை ஏற்கெனவே கரியால் நிறைந்துவிட்டதால் பாத்திரம் அதைக் கெடுக்க முடியாது.

பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து வருடக்கணக்கில் உழைத்து 2016-ல் எண்களை வெளியிட்டன. கோபால்ட்-கரி 1,324.24 டிகிரி செல்சியஸ், பிளாட்டினம்-கரி 1,738.28, ரீனியம்-கரி 2,474.69. தெரியாத இடத்துக்குக் கோட்டை நீட்டிய காலம் போய், தெரிந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கோடு போடும் காலம் வந்தது.

2019 மே 20-ல் கெல்வினின் வரையறையே மாறியது. போல்ட்ஸ்மான் மாறிலிக்கு நிலையான மதிப்பு தரப்பட்டது. பிளாங்க் மாறிலியும் அன்றே நிலையானது, ஒளியின் வேகம் முன்பே நிலையானது. இந்த மூன்றிலிருந்தும் பிறக்கும் இரண்டாம் கதிர்வீச்சு மாறிலியில் இனி சந்தேகமே இல்லை. 1948-ல் அளவுகோலை 6 டிகிரி ஆட்டிய அந்த வரி பட்ஜெட்டிலிருந்து நிரந்தரமாக நீங்கியது. 1990 அளவுகோல் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அதோடு, ஒளியை நேரடியாக அளந்து அதிக வெப்பநிலையைக் கெல்வினில் சொல்லும் முறைகளும் அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டுள்ளன.

இரண்டு எண்கள்

கடைசியாக இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வெட்ஜ்வுட் எழுதியது: 17,977.

2016-ல் ரீனியம்-கரிக்கு எழுதியது: 2,474.69 ± 0.35. சுமார் 95 சதவீத நம்பகத்துடன்.

முதல் எண் எந்தத் தயக்கமும் இல்லாமல் நிற்கிறது. ஆனால் எண்ணாயிரம் செல்சியஸ் டிகிரிக்கும் மேல் தவறு. இரண்டாவது எண், "எனக்கு முழுக்கத் தெரியாது, இவ்வளவு வரைதான் தெரியும்" என்று ஒப்புக்கொள்கிறது. அதனால்தான் அதை நம்பி ஜெட் விமான எஞ்சினும் கண்ணாடியும் எஃகும் செய்கிறார்கள்.

வெட்ஜ்வுட்டுக்குக் குறைவாக இருந்தது அறிவோ நேர்மையோ உழைப்போ அல்ல. அவரிடம் இல்லாதது அந்த ± குறிக்குப் பின்னால் இருக்கும் ஒரு சிறிய பட்டியல். அதை எழுதக் கற்றுக்கொள்ள மனிதகுலத்துக்கு இருநூறு வருடங்களுக்கு மேல் பிடித்தது. இனி எங்காவது ஓர் எண் மிகுந்த தன்னம்பிக்கையோடு தனியாக நின்றால், அது உலையின் வெப்பநிலையாக இருந்தாலும் சரி, கம்பெனியின் லாபக் கணிப்பாக இருந்தாலும் சரி, அதன் பக்கத்தில் ஒரு ± எங்கே என்று கேட்பதில் தப்பே இல்லை.